கொத்மலை வீட்டின் பின்னறை

கொத்து வேலைக்காரர் கஜேந்திரன் பாஸ் கட்டிய வீட்டைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அவர் கட்டிய வீட்டை யாரும் போய்ப் பார்த்ததும் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் முன் மண்டபத்தை அவர்தான் கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்தார். ஊருக்கு அது போதுமாயிருந்தது. சாமிக்குக் கட்டியவன் மனுசனுக்கு மோசம் செய்வானா என்று கேட்டால் யார்தான் பதில் சொல்வது? ஜீவராணியாலும் முடியவில்லை. ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது.

பயம் போன வருடத்துப் புயல் மழையோடு வந்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம் அப்படியே மண்ணுக்குள் போனது. அந்தச் சத்தம் கேட்டபோது ரோட்டில் யாரோ லொறியிலிருந்து கல் கொட்டுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மழை என்றாலே அவள் வாசலுக்கு வந்து மலையைப் பார்ப்பாள். அவள் வேலை பார்க்கும் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும் ஒரு காது மலைப்பக்கமே இருக்கும்.

அவர்கள் இருந்த லயமும் ஆபத்தான இடம் என்று சொல்லி, கைவிட்டுப்போன தேயிலை மலையில் குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் அளவுள்ள காணி கொடுத்தார்கள். சரிவில் படிப்படியாக அமைந்த காணிகள். ஜீவராணிக்குக் கிடைத்ததற்கு நேர் மேலே அதே லயத்துப் பேச்சியம்மாவின் காணி. ஆபத்திலிருந்து தப்பிக்க மலையின் இன்னொரு பக்கத்துக்குப் போகிறோம், அவ்வளவுதான் என்று ஜீவராணி சிரிப்பாள். சிரித்த பிறகு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

கஜேந்திரன் பாஸ் அவள் கணவன் கிஷாந்துக்கு மச்சான் முறை. கிஷாந்த் கொழும்பில் ஓட்டல் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். ஆகையால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டியவள் ஜீவராணி. வெள்ளிக்கிழமை நாள் பார்த்தாயிற்று. அதற்கு முந்திய வாரம் பாஸ் லயத்துக்கு வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வீடு கட்டுறதுக்கு ஒங்க பேருல பதிவு இருக்குன்னு சொன்னீங்களே, அத ஒரு தடவ பாக்கலாமா?"

பாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் சிரித்தார். போனை எடுத்து ஓர் அட்டையின் படத்தைக் காட்டினார். அதில் ஓர் எண் இருந்தது, அடியில் ஒரு சீல். சீலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிப்பதற்குள் விரலால் தள்ளி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

"அட்டைய பாத்து என்னா தங்கச்சி செய்யப்போற? இத பாரு. கொத்மலையில நான் கட்டுன வீடு. கடைக்கார முஸ்லிம் ஆளுங்க. நீல கலரு. டேம் பக்கம் பாத்த மாதிரி. இதவிட வேற சாட்சி வேணுமா?"

வீடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணை அவள் மனதில் வாங்கிக்கொண்டுவிட்டாள். பிள்ளைகளின் தடுப்பூசித் தேதிகளையே மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு அது பெரிய விசயமில்லை.

மறுநாள், வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் கொழும்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். சிங்களத்தில் பேசிய பெண் எண்ணை இரண்டு முறை கேட்டாள். தேடினாள். பிறகு, தங்கச்சியை அழைப்பதுபோல், "அந்த எண்ணில் யாருமே இல்லை நங்கி. அந்தப் பெயரிலும் இல்லை. அவர் கட்டின வீடு ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள்" என்றாள். யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி இவ்வளவு அக்கறையாகச் சொன்னதே ஜீவராணியை இன்னும் பயமுறுத்தியது.

கிஷாந்திடம் சொன்னபோது அவன் போனிலேயே குதித்தான். "சொந்தக்காரன்கிட்ட போயி பதிவு கேட்டியா? அவங்கம்மா, எங்கத்த காதுக்கு போனா என்னா ஆகும்? மானத்த வாங்காத புள்ள."

"மானம் மண்ணுக்குள்ள போனா தோண்டி எடுக்கலாங்க. நெலக்ஷி போனா?"

மகள் பெயரைச் சொன்னதும் அவன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலவாக்கலைக்குப் போய் கொத்மலை பஸ் ஏறினாள். மூடுபனியில் நீர்த்தேக்கம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பலசரக்குக் கடையில் நீல வீடு என்றதும் கையைக் காட்டிவிட்டார்கள். வெள்ளைத் தூண்கள், வாசலில் ரோஜாத் தொட்டிகள், மினுமினுக்கும் தரை. ஜீவராணிக்கு வெட்கமாகிவிட்டது. இப்படிக் கட்டுகிற மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்த பெண்ணின் பெயர் ஜிப்ரியா. ஐம்பது வயது இருக்கும். வீடு பார்க்க வந்தேன் என்று ஜீவராணி சொன்னதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கஜேந்திரன் பாஸ் எங்களுக்கும் கட்டப்போகிறார் என்று சொன்னதும் அந்த மலர்ச்சி வடிந்துவிட்டது.

"அப்ப நீங்க ஊடு வாங்க வரல்லயா?"

"இல்லீங்க. அவரு வேல எப்படின்னு பாக்கத்தான்."

ஜிப்ரியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "வாங்க மகள்" என்று பின்பக்கம் நடந்தாள்.

பின்னறைக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்ததும் ஈர மண் வாடை. அறையில் ஒரு பொருளும் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சுவரில் ஒரு வெடிப்பு, கைவிரல் நுழையும் அகலம். வெடிப்புக்குக் குறுக்கே காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன, ஏணிப்படி மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக. எல்லாமே நடுவில் கிழிந்திருந்தன.

"இது என்னாங்க?"

"மழை பேஞ்சா சொவர் அசையுதான்னு பாக்க ஒட்டுற. கிழிஞ்சா அசஞ்சிரிக்கி. வேற ஒட்டுற." ஜிப்ரியா ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். கைக்கெட்டும் தூரத்தில் மலை நெட்டுக்குத்தாக வெட்டப்பட்டு நின்றது. "மலக்கரய அப்புடியே வெட்டிட்டார். மண் சரியாம இரிக்க கல்லுக்கட்டு கட்டல்ல. தண்ணி போக வழி வெக்கல்ல. மழை வந்தா நாங்க முன்வாசல தொறந்து வெச்சிட்டு செருப்போட இருக்கிற."

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா இந்த ஊட்ட யாரு மகள் வாங்குவாங்க?"

ஜீவராணிக்குத் திட்டவும் தோன்றியது, அழவும் தோன்றியது. எங்கோ சுவருக்குள்ளிருந்து கொஞ்சம் மணல் சரசரவென்று உதிர்ந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி ஓடினார்கள். முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை கிஷாந்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அவன் குதிக்கவில்லை. "வேணாம்னு சொல்லிரு. ஆனா காரணத்த சொல்லிறாத. ஒறவு அத்துப்போயிரும்" என்றான். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். கல்யாணச் சம்பந்தத்தை வேண்டாமென்றாலும், கடன் தர மாட்டேனென்றாலும், பழியைத் தூக்கிக் கிரகத்தின் தலையில் போட்டுவிடுவோம். கிரகங்கள் மறுத்துப் பேசுவதில்லை.

ஜீவராணியும் அதையே செய்தாள். "அவருக்கு ஏழர சனியாம் அண்ணே. இந்த வருசம் மண்ணு தொடக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டாரு."

பாஸ் தலையாட்டினார். முகத்தில் வருத்தம் கூட இல்லை. "சனி பாத்தா சும்மாவா? விடு தங்கச்சி. வெள்ளிக்கெழம நாள வீணாக்க வேணாம். மேல பேச்சியம்மா அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கு ஆரம்பிச்சிர்றேன்."

அவளுக்குச் சிரிக்கவேண்டும் போல இருந்தது. தப்பிவிட்டோம் என்று மனம் ஒரு கணம் துள்ளியது. பாஸ் படியிறங்கிப் போன பிறகுதான் அவர் சொன்னது முழுதாக உறைத்தது. மேல. தன் காணிக்கு நேர் மேலே.

இருந்தும் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போனது. வியாழக்கிழமை பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற அதே சத்தம். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மலை சரியவில்லை. மறுநாள் பூசைக்கு இடம் தயாராக்க, பேச்சியம்மாவின் காணியில் பெக்கோ மெசின் நின்று கரையை வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய மண், கல்லோடும் தேயிலை வேரோடும் உருண்டு ஜீவராணியின் காணிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லயமே மேலே திரண்டிருந்தது. வெட்டிய கரை பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. அதன் அடியில் வாழையிலை, தேங்காய், சூடம். பக்கத்தில் ஒப்பந்தத் தாள். பேச்சியம்மா புதுச்சேலை கட்டியிருந்தாள். ஜீவராணியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு சனி புடிச்சது எங்களுக்கு நல்ல நாளாயிருச்சு. கோவிச்சுக்காத கண்ணு."

அந்தக் கை சூடாக இருந்தது. ஜீவராணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சனியும் இல்ல, ஒன்னும் இல்ல அக்கா. நான் பொய் சொன்னேன். இவருக்கு பதிவே கெடையாது. கொழும்புல கேட்டேன். கொத்மல வீட்டயும் போயி பாத்தேன். பின்னால கரை வெட்டி விட்டதுல சொவரு வெடிச்சு கெடக்கு. கையெழுத்து போடாதீங்க."

கூட்டம் சலசலத்தது. "ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று யாரோ கேட்டார்கள். "பொறாம" என்று இன்னொரு குரல். கேள்வி நியாயமானது என்பதால் அவளுக்கு முகம் எரிந்தது. பேச்சியம்மாவின் புருசன் மாயாண்டி திரும்பிப் பாஸைப் பார்த்தார். பாஸ் அவசரப்படவில்லை. இலையிலிருந்த சூடத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தார்.

"மாரியாத்தா மேல சத்தியம். நான் கட்டுற வீடு நிக்கும்." மற்றக் கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தார். முகம் கூடச் சுளிக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சூடம் அடித்துச் சத்தியம் செய்தவனிடம் அதற்கு மேல் எதைக் கேட்பது? மாயாண்டி பேனாவை எடுத்துப் பேச்சியம்மாவிடம் நீட்டினார்.

ஜீவராணி பாஸின் முன்னால் போய் நின்றாள். கேட்டாள்.

"சரி அண்ணே. சத்தியத்த நம்புறேன். ஒன்னே ஒன்னு செய்ங்க. கொத்மல வீட்டு பின்னறையில, மழை பெய்யிற அன்னிக்கு ஒரு நா படுத்துட்டு வாங்க. ஒங்க பொஞ்சாதி புள்ளைகளயும் கூட்டிட்டு போங்க. காலையில வந்து சொல்லுங்க, நானும் கையெழுத்து போடுறேன்."

பாஸ் வாயைத் திறந்தார். நெருப்பை அடித்த கை பாதி தூக்கியபடியே நின்றது. ஒரு ஓரத்தில் தட்டு ஏந்தி நின்ற அவர் மனைவியை எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பதில் சொல்லுங்க தம்பி" என்றார் மாயாண்டி.

பாஸ் குனிந்து ஒப்பந்தத் தாளை எடுத்து மடித்தார். மனைவியை வா என்று கூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

பேச்சியம்மாவின் கையில் பேனா அப்படியே இருந்தது. மலைமுகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவராணியின் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். இன்னொன்று.

எல்லோரும் ஒன்றாக அந்த வெட்டிய கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். மேல் ஓரத்திலிருந்து ஒரு சிறு கல் கழன்று, உருண்டு வந்து வாழையிலை மேல் நின்றது.

"கையெழுத்து போடல ஜீவராணி" என்றாள் பேச்சியம்மா மெதுவாக. "வெட்டுன மலைய என்னா செய்றது?"