மதிலுக்கு வெளியே நின்றவர்

மொலினோ கால்பந்து கிளப்பின் ஆட்களுக்கு ஆளை எடைபோட மூன்றே வார்த்தைகள்தான். வெயில் அடித்தால் மட்டும் மைதானத்துக்கு வருகிறவன் ரசிகன். வீட்டில் உட்கார்ந்து, ஜெயித்தால் சந்தோஷப்படுகிறவன் அனுதாபி. மழையோ புயலோ, தோல்வி மேல் தோல்வியோ, தொண்டை கிழியக் கத்துகிறவன் இன்ச்சா. அவர்கள் பாஷையில், மூச்சைப் பிடித்துப் பந்துக்குக் காற்று ஊதுகிறவன் என்று அர்த்தம். மொந்தெவிதேயோ நகரத்தில் ஒரு இன்ச்சாவைப் பார்த்து அனுதாபி என்று சொல்வதற்குப் பதில், அவன் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

அன்று கடைசி ஆட்டம். தோற்றால் மொலினோ கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். இடைவேளையில் கொட்டுக்காரர் எரிபெர்தோ நனைந்த சட்டையோடு, மைதானத்தில் ரொட்டி பொரித்து விற்கும் நெலிதாவின் எண்ணெய்ச் சட்டியருகே வந்து நின்றார்.

"சூடா ஒரு ரொட்டி குடு, நெலிதா. உங்க வீட்டு அனுதாபி சுகமா? ரேடியோ பக்கத்துல கம்பளியப் போத்திக்கிட்டு இருப்பாரே."

நெலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் வல்தெமார் பல் முளைத்த நாளிலிருந்து இந்த இன்ச்சாக்களின் மேடையில் நின்றவர். போன குளிர்காலத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன எண்ணம் அவர் மண்டைக்குள் புகுந்தது. அவர் போன ஆட்டமெல்லாம் தோல்வி. கழிப்பறைக்குப் போன நேரத்தில் மட்டும் மொலினோ கோல் போட்டது. தான்தான் ராசிகெட்டவன் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மைதானத்து மதிலுக்கு வெளியே நிற்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு. ராசிகெட்டவன் என்று பெயர் வாங்கியவனை மேடையில் ஏற்றமாட்டார்கள், அவன் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். சாகிறவரைக்கும் அப்படித்தான்.

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அனுதாபி என்ற சொல்லை இன்னொரு தடவை கேட்க அவளால் முடியவில்லை.

"அவரு வீட்டுல இல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் மழையில நிக்கிறாரு. தான் உள்ள வந்தா நீங்க தோத்துருவீங்கன்னு பயந்துக்கிட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அங்கதான் நிக்கிறாரு."

கெட்ட ராசி ஒட்டாமலிருக்கத் தொட்டுக்கொள்ள எரிபெர்தோவின் கை மரத்தைத் தேடியது. ஒன்றும் அகப்படாமல் இடுப்பில் செருகியிருந்த கொட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டது. வாங்கிய ரொட்டியைச் சட்டியருகே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஐயோ, என் வாயாலேயே அந்த மனுஷனைக் கெடுத்துவிட்டேனே என்று நெலிதா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

வல்தெமார் மதிலில் காதை ஒட்டி நின்றிருந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இருவரையும் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லிட்டியா, நெலிதா?"

"சொல்லிட்டேன்."

எரிபெர்தோ பக்கத்தில் வந்து நின்றார். "யோவ், இங்க நின்னா என்னய்யா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உங்க கொட்டு கேக்கும். கொட்டு நின்னுச்சுன்னா எதிராளி கோல் போட்டுட்டான்னு அர்த்தம்."

எரிபெர்தோவுக்கும் பயம்தான். ஆனாலும் வல்தெமாரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உள்ள வா."

"வேணாம்ப்பா. இன்னைக்கா? தோத்துட்டா?"

"உன்ன வெளிய நிக்க வச்சு ஜெயிச்சு என்னய்யா பண்றது? வா."

மேடையில் நகர்ந்து இடம் விட்டார்கள். சிலர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெலிதா அடுப்பை மறந்து படியிலேயே நின்றாள். கதை சொல்கிற எனக்கும் சொல்ல ஆசைதான், மொலினோ ஜெயித்தது என்று. ஜெயிக்கவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. கொட்டு நின்றது.

விசில் ஊதி முடிந்ததும் அத்தனை தலைகளும் வல்தெமார் பக்கம் திரும்பின. அவர் யாரையும் பார்க்காமல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். நெலிதா கையை நீட்டுவதற்குள் எரிபெர்தோ அவருக்கு முன்னால் போய் நின்றார். கழுத்திலிருந்த கொட்டைக் கழற்றி வல்தெமாரின் கழுத்தில் மாட்டினார்.

"கீழ்ப்பிரிவுல ஆட்டமெல்லாம் சனிக்கிழமையில. நேரத்தோட வந்துரு. இன்ச்சா லேட்டா வரமாட்டான்."

வல்தெமார் கொட்டைப் பார்த்தார், பிறகு நெலிதாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"அடிய்யா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற," என்றாள்.

அவர் அடித்தார்.