கட்டிலுக்கடியில் இருக்க வேண்டிய சட்டி

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் பல்செட்டுக்காரர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுப்பாடு முழுக்கச் சாப்பாட்டு மேசைமேல் நின்ற பொம்மை வீட்டோடு.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பணக்காரன் கட்டியிருக்கக்கூடிய மாடி வீடு. முன்சுவரைக் கதவுபோலத் திறந்தால் அறைகள் தெரியும். பரிசு சுற்றும் தாளில் பொடிப்பூ போட்ட இடத்தை மட்டும் வெட்டிச் சுவருக்கு ஒட்டியிருந்தார். படிக்கட்டுக் கைப்பிடியைத் தீக்குச்சிகளில் இழைத்திருந்தார். வரவேற்பறை சோபா மட்டும் ஈறு நிறத்தில் இருக்கும். பல்செட்டுக்கு ஊற்றியதில் மிஞ்சிய பிளாஸ்டிக் அது.

வீடு மேசையைப் பிடித்துக்கொண்டதால் குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷப் பொம்மை வீட்டுக் கண்காட்சியில முதல் பரிசு வந்தா அது மேசையிலேயே இருக்கட்டும். வரலைன்னா வீடு கீழே, தட்டு மேலே. எங்க அண்ணன் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு சாப்பிட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு."

"முதல் பரிசேதான் வேணுமா? ஆறுதல் பரிசு வந்தா?"

"ஆறுதல் எனக்குத்தான் வேணும்."

பரிசை முடிவுசெய்யும் நடுவர், மியூசியத்தில் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார். பழங்காலச் சாமான் விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். போன வருஷம் இவர் வீட்டை அறை அறையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ராத்திரி அவசரம்னா இந்த வீட்டு மனுஷங்க எங்கே போவாங்க?" என்று கேட்டு நகர்ந்துவிட்டார். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் அதற்கென்று கட்டிலுக்கடியில் ஒரு சட்டி இருக்கும். இவர் வீட்டில் இல்லை.

இந்த வருஷம் அந்தக் குறையைத் தீர்த்தார். பல்லுக்குப் போடும் கேப் செய்கிற அதே பீங்கானில், ஒரு கடைவாய்ப் பல் அளவுக்குச் சட்டி வனைந்தார். ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் நீலப்பூ. மெருகேற்றிக் கடைசியாகச் சுடும்போது, அடுப்பில் இடம் இருக்கிறதே என்று தெருமுனை டாக்டர் கேட்டிருந்த கேப்பையும் கூடவே வைத்தார்.

அன்று பார்த்து மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. கண்ணாடிக் கடைக்காரரும் பொம்மை வீட்டுக்காரர், போட்டிக்கு வருகிறவர். ஒரு திருகாணி மாற்றுவதற்கு நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து வெளியே வந்தவை பல்செட்டுக்காரர் கண்ணுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று டாக்டருக்குப் போனது. இன்னொன்று இடுக்கியின் உதவியோடு கட்டிலுக்கடியில் போனது.

கண்காட்சி அன்று அம்மையார் டார்ச்சும் கையுமாக, வழக்கத்துக்கு மாறாக மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டிருக்கேன். நம்ம தெருமுனை டாக்டர்கிட்டதான். ஒரு பக்கம் காது மாதிரி என்னமோ நீட்டிக்கிட்டு இருந்துச்சாம், தேய்ச்சு எடுத்துட்டாரு. இப்போ கல்லைக் கொடுத்தாலும் கடிப்பேன்."

அது காதில்லை, தன் சட்டியின் பிடி என்று பல்செட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அம்மையார் குனியாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார். அம்மையார் குனிந்தார். கட்டிலுக்கடியில் இடுக்கியை விட்டு அந்தச் சாமானை வெளியே எடுத்தார். கவிழ்த்த பல், நாலு முனையும் கால்களாக.

"இது என்ன?"

"சட்டி, மேடம்."

"எந்தக் காலத்துல மூத்திரச் சட்டிக்குக் கால் வச்சாங்க? பிடி இல்லை, பூ இல்லை. தூக்கக் கலக்கத்துல எழுந்து வர்றவன் இதுல உட்கார்ந்தா கவுந்துடுவான். மத்த வேலையெல்லாம் பிரமாதம். இது ஏனோதானோன்னு செஞ்சது."

பல்செட்டுக்காரருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் டாக்டர் தரும் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஏனோதானோக்காரன் என்ற பெயர் நின்றுவிடும். பின்னாலிருந்து கண்ணாடிக் கடைக்காரரின் குரல் வந்தது.

"கண்ணாடி போட்டுக்கிட்டுச் செஞ்சிருக்கலாம், அண்ணே."

நுணலும் தன் வாயால் கெடும்.

"பிடி இருந்துச்சு, மேடம். பூ இப்பவும் இருக்கு."

"எங்கே?"

"உங்க வாயில."

"என்னங்க, பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசுங்க," என்றாள் கூட வந்திருந்த மனைவி.

அறை மூலைகளைப் பார்ப்பதற்காக வைத்திருந்த, நீளக் காம்புள்ள பல் கண்ணாடியை அவர் நீட்டினார். அம்மையார் வாயைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். நாக்குப் பக்கத்தில் நீலப்பூ பூத்திருந்தது.

"யாராவது உபயோகிச்சதா?"

"ஐயோ, புதுசு மேடம்."

"சாயம் போகுமா?"

"சுட்ட சாயம். போகவே போகாது."

"இதழ் மடிப்பு அச்சு அசல் அந்தக் காலத்து வேலை." மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்த அம்மையார், அப்படியே மூடினார். "ஆனா மார்க் போட முடியாது. தனக்குப் பங்கு இருக்கிற வீட்டுக்கு நடுவர் மார்க் போடக் கூடாது. விதி எழுதினதே நான்தான். இந்த வீட்டுச் சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கே."

"டாக்டர்கிட்டச் சொல்லிக் கழட்டிடலாம், மேடம்."

"கழட்டினா எதால கடிக்கிறது? இவ்வளவு பொருத்தமா என் சொந்தப் பல்லே இருந்ததில்லை. இன்னொரு விதி, வீட்டுச் சாமான் எதுவும் கண்காட்சி முடியறவரைக்கும் வீட்டை விட்டு நகரக் கூடாது."

சொன்னவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பொம்மை வீட்டை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் வரவேற்பறையைப் பார்த்தார்கள், படுக்கையறையைப் பார்த்தார்கள், பிறகு அம்மையாரின் வாயைப் பார்த்தார்கள். அவரும் சலிக்காமல் திறந்து காட்டினார். வரிசை வாசல்வரை நீண்டது. முதல் பரிசு கண்ணாடிக் கடைக்காரருக்குப் போனது.

பேச்சு பேச்சுதான். வீடு திரும்பியதும் பொம்மை வீடு தரைக்கு இறங்கியது. மனைவியின் அண்ணன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

பல்செட்டுக்காரர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, முதல் தடவையாக அந்த வீட்டுக் குடியிருப்பாளரின் உயரத்திலிருந்து உள்ளே பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் மேலிருந்தே பார்த்ததில், ஒரு அறைக்குக்கூட உட்கூரைக்குச் சாயம் அடிக்கவில்லை.

"சாப்பிட வாங்க. உட்கார இடம் இருக்கு," என்றாள் மனைவி, அவரைத் தாண்டிப் போனபடியே.

"நீங்க சாப்பிடுங்க," என்றார் அவர். "இந்த மனுஷங்க படுத்தா மேலே பார்க்க ஒண்ணுமே இல்லை, பாவம்."