மடி சோதனை

நாலு நாளாகத் தருமனுக்கு அது ஒன்றே அரிப்பு. வேதா ஏன் மடியைச் சோதிக்க விட மாட்டேன் என்கிறாள்?

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேர்க்கடலை உடைக்கும் மணிலா மில்லில் தருமன் மூட்டை தூக்கினான். வேதா பருப்பில் சொத்தை பொறுக்கினாள். மாமன் மகள், இருபது வயசு. தையில் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. சாயங்காலம் சங்கு ஊதினதும் பொம்பளைகள் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரி அப்பாசாமி ஒவ்வொருத்தியின் இடுப்பு மடியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். பருப்புத் திருட்டாம். வருஷக்கணக்காக நடக்கிறது. ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

திங்கட்கிழமை வேதா திறந்தாள். "நானே உதறிக் காட்றேன். கை வெக்காதீங்க."

உதறினாள். ஒரு பருப்புகூட விழவில்லை. அப்பாசாமி சிரித்தார். "மடியில கனம் இல்லாதவளுக்கு இன்னாடி பயம்? சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா நிக்கல, வேலை கெடையாது."

மூட்டைக்காரன் சகாதேவன் சும்மா இருப்பானா? "இன்னாடா தருமா, கல்யாணத்துக்கு உன் ஆளு இப்பவே சேத்துக்குதா? பருப்பா, வேற எதுனா சமாச்சாரமா?"

அந்த 'வேற எதுனா' தருமன் மண்டைக்குள் பூச்சியாகக் குடைந்தது. முந்தானையை ஏன் இத்தனை இறுக்கிச் சுற்றுகிறாள்? அவனைக் கண்டால் ஏன் பேச்சைக் குறைக்கிறாள்? லுங்கி மடிப்பிலிருந்து இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே யோசித்தான்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் மறித்தான். "நெஜத்த சொல்லு. மடியில இன்னா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"அப்ப காட்றதுக்கு இன்னா?" என்று இடுப்பை நோக்கிக் கையை நீட்டினான்.

பட்டென்று தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போனாள் வேதா. "அந்த ஆளு கை பருப்பத் தேடல மாமா. நான் வேலைக்குச் சேந்த மூணு மாசமாவே தேடல. நீ இன்னாத்தத் தேடற?"

"நான் உன்னக் கட்டிக்கப் போறவன்."

"அதுக்கு? கேக்காம கை வெப்பியா?" அவன் லுங்கியைப் பார்த்தாள். "தெனம் பருப்ப எடுத்துகினு இங்க வரைக்கும் மென்னுகினே வர்ற. உன்ன எவனாச்சும் தடவிப் பாத்தானா?"

வாயில் கிடந்த பருப்பை அவனால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சனிக்கிழமை சங்கு ஊதியது. ஆம்பளைகள் பீடி பற்றவைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். தருமன் மட்டும் பொம்பளைகள் வரிசைக்கு முன்னால் போய் நின்றான். வரிசையில் மூன்றாவதாக வேதா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

லுங்கி மடிப்பை அவிழ்த்தான். இரண்டு கைப்பிடிப் பருப்பு மேஸ்திரியின் செருப்பில் கொட்டியது.

"நாலு வருஷமா எடுத்துகினு போறேன். என்ன ஏன் தடவல?"

"ஆம்பளைய எவன்டா தடவுவான்?" என்று கத்தினார் அப்பாசாமி. கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

வரிசையில் முதலில் நின்ற பாஞ்சாலை சிரித்துவிட்டாள். "கேட்டுக்குங்கடி." முந்தானையை அவர் மூக்குக்கு முன்னால் ஒரு உதறு உதறிவிட்டு நிற்காமல் வெளியே போனாள். அடுத்தவளும் உதறினாள். பிறகு வேதா. மேஸ்திரியின் கை பாதி வரை எழும்பி, அங்கேயே நின்றது. கோபம் முழுக்கத் தருமன் மேல் திரும்பியது.

"திருட்டு நாயே, திங்கக்கெழம இந்தப் பக்கம் வந்த, கால ஒடிச்சிடுவேன்."

ஏரிக்கரையில் வேதா முன்னால் போனாள். இருபதடி பின்னால் தருமன். மூட்டைக் கொக்கி கையிலேயே இருந்தது. இனி அதற்கு வேலையில்லை.

"வேதா, பக்கத்துல வரட்டுமா?"

அவள் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நாலு நாளாக அவன் அவளைப் பார்த்த அதே பார்வை.

"இன்னிக்கு வேணாம்."

நடந்தாள். அவள் கரை திரும்பி மறையும் வரை தருமன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகுதான் அடி எடுத்து வைத்தான்.