நாற்பது பாகம்

அமாவாசைக்கு அமாவாசை, கடல் நன்றாக வற்றும் காலையில் சல்லடைப் பாறையை அளப்பது என் வேலை. மற்ற நாட்களில் மரக்காணத்து உப்பளம். பாறை என்று சொல்கிறோமே தவிர, அதன் மேல் இருப்பது முழுக்கப் புழு கட்டிய வீடு. நூல் போன்ற புழு, மணலை ஒவ்வொன்றாக ஒட்டிக் குழாய் கட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கிறது. இப்போது அந்தக் கரை பாதுகாக்கப்பட்ட இடம். எத்தனை குழாயில் புழு உயிரோடு இருக்கிறது, வீடு எவ்வளவு நீளம் என்று பார்த்து ஃபாரத்தில் எழுத வேண்டும்.

இந்த முறை ஆராய்ச்சிக் குழுவிலிருந்து சித்தார்த்தன் சார் வந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். டேப் அறுபது மீட்டர் காட்டியது. பழைய ஃபைலைப் பிரித்தவர் முகம் சுளித்தார்.

“பன்னெண்டு வருஷம் முன்னாடி எழுபத்து மூணுன்னு எழுதியிருக்காங்க. அப்போ எடுத்த போட்டோவுலயும் ரெண்டு முனையும் இதே வெடிப்புலதான் இருக்குது. அப்போ பாறை குறையலக்கா. அளந்த ஆளு கரையில உக்காந்துக்கினு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாரு.”

அளந்தவர் என்ற இடத்தில் காசிலிங்கம் என்று இருந்தது. என் அப்பா. சார் அதன் பக்கத்தில் ‘நம்பத்தகாதது’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

“அது எங்கப்பா சார். கொஞ்சம் இருங்க.”

அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் பெயர் இருக்கிற காகிதங்களே நாலைந்துதான். அதில் ஒன்றில் அவர் பொய்யராகிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அளந்த அன்று நானும் கூட இருந்தேன். பாறையோரமாக முனைக்கு முனை கயிற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, கரைக்கு வந்து பாகம் போட்டார். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கடல் ஆழமும் வலைக்கயிறும் எங்களுக்கு அந்தக் கணக்குதான்.

“அவரு டேப்பைத் தொட்டதே இல்லீங்க. நாப்பது பாகம்னாரு. நான்தான் எண்ணினேன்.”

சார் போனில் கணக்குப் போட்டார். “ஒரு பாகம் ஆறடி. நாப்பது பாகம் எழுபத்து மூணு மீட்டர். ஆபீஸ்ல அப்படித்தான் மாத்தியிருக்காங்க. அப்பவும் பதிமூணு மீட்டர் இடிக்குதே.”

“யாருக்கு சார் ஆறடி?”

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. குப்பத்தில் அப்பாவுக்குக் குட்டை காசி என்றுதான் பெயர். கயிறு பங்கு பிரிக்கும்போது, “டேய், காசி அளந்து குடுத்தா வாங்காத, ஒரு முழம் குறையும்” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு முழம் சேர்த்துக் கொடுப்பார். எனக்குத்தான் அவமானமாக இருக்கும். நான் அப்பாவை உரித்து வைத்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் குள்ளம் என்று சொல்லிவிட்டுப் போன அன்று, “எல்லாம் உன்னாலதான்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“அவரு சட்டைதான் நான் உப்பளத்துக்குப் போட்டுக்கினு போறேன். கை அளவு கூட மாத்தல. நான் பாகம் போடறேன், நீங்க எண்ணுங்க.”

கரையில் கிடந்த படகிலிருந்து கயிறு வாங்கி, புழுவீட்டை மிதிக்காமல் ஓரமாகப் போட்டோம். முனையில் முடிச்சிட்டு மணலுக்குக் கொண்டுவந்தேன். நெஞ்சில் ஈரக்கயிறு உரச உரசக் கையை விரித்தேன். சார் சத்தமாக எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் தோள் வலித்தது. அப்பா அன்று வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“முப்பத்தொம்போது. நாப்பது.”

முடிச்சு என் வலது கையில் வந்து நின்றது.

சார் எழுபத்து மூன்றை அடித்துவிட்டு, அறுபது என்று எழுதினார். அப்பாவின் பெயரை அப்படியே விட்டுவிட்டார்.

“சரியா அளந்திருக்காருக்கா. ஆபீஸ்லதான் தப்பு. போதும், கையை இறக்குங்க.”

“இருக்கட்டும் சார்,” என்றேன். “கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறேன்.”