எதிரணிக்கு ஒரு கைத்தட்டல்

மிஷன் கோயில் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே செல்லபாய் பாயை விரித்து உட்கார்ந்தபோது பந்தாட்டம் தொடங்கியிருக்கவில்லை. ஆனால் கூட்டம் அவளை வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆண்கள் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பதும், பெண்கள் மதிலுக்கு அப்பால் நின்று தலையை மட்டும் நீட்டுவதும் அவ்வூர் வழக்கம். அதை எழுதிவைத்த சட்டம் இல்லை. மீறிய பெண்ணும் இல்லை.

அவள் கணவன் ரசலையன் மலாயாவில், ஈப்போவுக்கு அருகே தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அவ்வாண்டுதான் மனைவியுடன் ஊர் திரும்பியிருந்தான். ஈப்போ சமத்துவபுரி அன்று. அங்கே பந்தாட்டம் பார்க்க நிழற்கூடத்து நாற்காலிகள் வெள்ளையருக்கு, புல்தரை மற்றவருக்கு. ஆயினும் அந்தப் புல்தரையில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரிவில்லை. சீனத்தி வேர்க்கடலை உடைத்துக்கொண்டு கூச்சலிடுவாள். எதிரணி அழகாக அடித்தாலும் கை தட்டுவார்கள். அதைச் செல்லபாய்க்குக் கற்பித்தவன் ரசலையன். இன்றோ, அவள் பாயருகே அவன் உட்காரவில்லை, எட்டியும் போகவில்லை.

ஊர் அணியின் கோல் காத்தவன் அவன் தம்பி டைட்டஸ். எதிரணியான மண்டைக்காட்டின் ஆள் ஒருவன் மூவரைக் கடந்து வந்து, டைட்டஸின் விரல் நுனிக்கு மேலாகப் பந்தைச் செலுத்தினான். மைதானம் வாயடைத்தது. செல்லபாய் கை தட்டினாள்.

“எவளாக்கும் அது?” ஊர் அணிக்குத் தலைவராக இருந்த ஏசுஅடிமை திரும்பினார்.

மதிலுக்கப்பால் ஒருத்தி சிரித்தாள். “ஏட்டி, கொழுந்தன் தோத்ததுக்குக் கை தட்டுகா பாத்தியா!”

“மைனி, நீங்க எந்தக் கச்சி?” என்று டைட்டஸ் கோலடியிலிருந்தே அண்ணியை நோக்கிக் கத்தினான். கேலி போலத் தொடங்கிய குரல் முடியும்போது உடைந்திருந்தது.

“லே ரசலையா,” என்றார் ஏசுஅடிமை. “ஒனக்க பெஞ்சாதிய மதிலுக்கு அந்தப்பக்கம் கொண்டு விடு. இது மலாயா இல்ல.”

ரசலையன் குனிந்தான். “எழும்பு பிள்ள. ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். சொல்லித் தந்தது நீங்கதானே? கப்பலேறும்போ அதையும் அங்கயே விட்டுட்டு வந்தியளா?”

அவள் எழவில்லை. ஆனால் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்து எல்லைக்கோட்டைப் பார்த்தான். கோயிலில் முதல் வரிசை, தம்பியின் கல்யாணப் பேச்சு, நாளை சந்தையில் எதிர்ப்படப்போகும் முகங்கள் எல்லாம் அந்தக் கோட்டில் நின்றன.

பிற்பாதியில் அதே மண்டைக்காட்டு ஆள் இடது ஓரத்திலிருந்து வளைத்து அடித்தான். டைட்டஸ் பாய்ந்தான், பந்து கம்பத்தை உரசி உள்ளே போயிற்று. ஊர் பந்தைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தது. செல்லபாயின் கைகள் கோத்தபடியே இருந்தன.

கைத்தட்டல் அவளுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரே ஒருவனுடையது. சீரானது, அவசரமற்றது. அவள் தலை தூக்கவில்லை. பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

டைட்டஸ் கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்த மரச்சீனி விளைக்குள் போய்ப் பந்தை எடுத்தான். அதை மார்போடு அணைத்து, அண்ணனைப் பார்த்தபடி, செடிகளின் நடுவிலேயே நின்றான்.