படுக்க வைத்த பாட்டில்

தக்கை பாதியில் முறிந்தது. மேல்பாதி மகளின் கையோடு வந்துவிட்டது. கீழ்பாதி பாட்டிலின் கழுத்துக்குள் இருந்துகொண்டு, என்ன செய்தாலும் வருவேனா என்றது. கரண்டிக் காம்பால் ஒரு குத்து குத்தினாள். அது தூள் தூளாகி விஸ்கிக்குள் விழுந்தது.

"என்ன ஆச்சு?" கட்டிலில் இருந்து அப்பாவின் குரல் காற்றாக வந்தது.

"ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் அடம் பிடிக்குது."

"உன்ன மாதிரி."

அம்மா டீ வடிகட்டியை நீட்டினாள். பதினான்கு வருஷமாக ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் வேலை பார்ப்பவள் மகள். ஸ்காட்ச்சை டீ வடிகட்டியில் வடிப்பதை அங்கே யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் முதலாளியம்மா நாலு மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, வெளியே நின்று வேலையும் பார்த்து, வாய் ஓயாமல் கதையும் சொல்லி அவளைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். அதற்குக் கிடைத்த பரிசு இந்தப் பாட்டில். பன்னிரண்டு வருஷம் பழையது, சிங்கிள் மால்ட். வருஷம் ஏற ஏற ருசியும் ஏறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். பீரோவில் தன் சட்டைகளுக்கு நடுவே பாட்டிலைக் குழந்தை மாதிரி படுக்க வைத்து, மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டி, தன் பிறந்த நாள் வரும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதினார். இப்போது முப்பத்தொன்பதில் நிற்கிறது.

இரண்டும் தப்பு. விஸ்கிக்குப் பீப்பாயில் இருக்கும்வரைதான் வயது ஏறும். பாட்டிலுக்குள் வந்த நாளோடு சரி. படுக்க வைத்தாலோ மது தக்கையை அரித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மகள் இதைக் கற்றுக்கொண்டாள். சொல்லிவிட வேண்டுமென்று வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு அவர் பிறந்த நாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "இருபத்தஞ்சு ஆயிடுச்சும்மா, கல்யாண வயசு" என்று எழுதிக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை மென்று விழுங்கியவள்தான்.

"மகளா சொல்லாத," என்றார் அப்பா இப்போது. "ஹோட்டல்ல சொல்ற மாதிரி சொல்லு. நல்லா இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

ஹோட்டலில் அவளுக்கு மூக்கு என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு பீப்பாய் என்ன மரம் என்று சொல்லிவிடுவாள். விருந்தாளி எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் இல்லாத வாசனையை இருப்பதாகச் சொன்னதில்லை.

கிளாசில் கொஞ்சம் வடித்து, நாலு சொட்டு தண்ணீர் விட்டு, மெல்லச் சுழற்றி முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. வாயை லேசாகத் திறந்து மறுபடி முகர்ந்தாள். விஸ்கி இல்லை, அறையில் மருந்து வாடை இல்லை, அப்பாவின் போர்வை வாடையும் இல்லை. ஒன்பது நாளாக இந்த அறையிலேயே கிடக்கிறாள். டீ கூட மணக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

"சொல்லு."

"தேன் இருக்குப்பா. அப்புறம் உலர்ந்த திராட்சை. கடைசில லேசா புகை."

தினமும் மேசை மேசையாகச் சொல்வதுதான். வாய்ப்பாடு போல ஒப்பித்தாள்.

"முப்பத்தொன்பது தெரியுதா?"

"தெரியுதுப்பா."

விழுங்க முடியாது, உதட்டை நனைக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மகள் பஞ்சைத் தோய்த்து ஒற்றி எடுத்தாள். அப்பா நாக்கை அசைத்தார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா," என்றார்.

மூன்று மணிக்கு மூச்சு நின்றது. வேறு எதுவும் அவர் பேசவில்லை.

அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதான். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள், சான்றிதழ் வாங்கினாள், வண்டிக்குச் சொன்னாள். அழுகை வரவில்லை. போகிற மனிதர் ஒன்றே ஒன்று கேட்டார், அதிலும் பொய் சொல்லிவிட்டோமே என்ற வெட்கம் மட்டும் ஓரமாக இருந்தது.

எரித்துவிட்டு வந்த மாலை, அண்ணன் அந்தப் பாட்டிலை எடுத்து ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றினான். சித்தப்பா முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு விழுங்கினார்.

"முப்பத்தொன்பது வருஷம்னா சும்மாவா! எப்படி இறங்குது பாரு."

"மூக்கே சொல்லிட்டா. அப்புறம் என்ன சித்தப்பா," என்றான் அண்ணன்.

எல்லோரும் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

மறுநாள் காலை அப்பாவின் அடையாள அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தாள். வாசனை முகத்தில் அடித்தது. கழுத்தில் துணியை அடைத்து, பாட்டிலை அது எப்போதும் இருந்த இடத்தில் அம்மா படுக்க வைத்திருந்தாள். இரவெல்லாம் கசிந்து சட்டைகள் நனைந்திருந்தன.

காக்கிச் சட்டை ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வாயை லேசாகத் திறந்தாள். முதலில் கிரீஸ் வந்தது. பிறகு சலவை சோப்பு. அதற்கும் அடியில் மற்றது.

"ஈர அட்டை," என்றாள், ஹோட்டல் குரலில். "மக்கின தக்கை. தேன் இல்ல. திராட்சை இல்ல. புகையும் இல்ல." மறுபடி முகர்ந்தாள். "நல்லாவே இல்லப்பா."

"யார்கிட்ட பேசற?" சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். "டீ ஆறுது, வா."

"வரேம்மா."

பாட்டிலை எடுத்து, பீரோ தட்டின் மூலையில் நிமிர்த்தி வைத்தாள். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மிச்சம் இருந்தது.