அண்ணனுக்காகச் சிரித்தேன்

டிவி நகைச்சுவைப் போட்டிக்காக அண்ணன் வெல்டிங் பட்டறை வேலையை விட்டிருந்தான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நான் வீட்டிலேயே இருந்ததால், தினமும் என்னிடம்தான் தன் நகைச்சுவைக் கதைகளைச் சொல்லிப் பார்ப்பான். அவன் முகம் வாடக்கூடாதே என்று எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் அதிகம் சிரித்த பல் டாக்டர் கதையையே இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தான்.

நேரலையில் அவன் அதைச் சொல்லி முடித்தபோது அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவர் தண்ணீர் குடித்தார்.

"எழவு வீட்லகூட இதவிட சத்தம் கேக்கும்" என்றாள் சித்தி. அம்மா டிவியை அணைத்தாள். நாளைக் காலைக்குள் அண்ணன் வேலைக்குத் திரும்பி வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகப் பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். அண்ணன் சம்பளம்தான் எங்கள் அடுப்பை எரியவைத்தது.

சற்று நேரத்தில் அண்ணன் போனில் அழைத்தான்.

"ஏய் வாலு, நீ நெஜமாத்தானே சிரிச்சே?"

"ஆமாண்ணா."

"அப்ப கூட்டந்தான் சரியில்ல. அடுத்த வருஷமும் இதே கதைதான். பட்டறைப் பக்கமே போமாட்டேன்."

"அண்ணா, நான் சும்மாதான் சிரிச்சேன். ஒரு தடவைகூட சிரிப்பு வரல."

மறுமுனையில் அவன் வெடித்துச் சிரித்தான். "அடிப்பாவி! ஒரு நிமிஷம் நம்பிட்டேன். நீயே மேடை ஏறலாம்டி!"

"சத்தியமாண்ணா" என்று அழுதேன். அவன் சிரிப்பு இன்னும் பலமானது.